பின்சீட்டில் பேசக்கூடாதவை

ஜூரி என்று கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தார்கள்.
சித்தூர் முக்கில் ஐந்து நாளும்
போலீஸ்காரர் சல்யூட் வைத்தார்,
எனக்கல்ல, ஸ்டிக்கருக்கு.

ஜார்ஜியாவிலிருந்து நெஸ்தான், தலைவி,
கடைவாய்ப் பல்லில் வலி.
சிலிக்காரர் எர்னானுக்கு முன்சீட்டில்
முழங்காலை நீட்டியாக வேண்டும்.
செனகலிலிருந்து அவா. தயிர்சாதம் கிடைத்துவிட்டால்
வேறொன்றும் கேட்கமாட்டார்.
கொரியாக்காரர் பெயர் கடைசிவரை
என் வாயில் நிற்கவில்லை.
அவரும் மயில்வாகனம் என்று சொல்லிப் பார்த்து
இரண்டாம் நாளே கைவிட்டார். கணக்கு சரி.
அப்புறம் நம்ம ஒற்றப்பாலத்துப் பிரசன்னன்,
படங்களுக்குச் சத்தம் கோக்கிறவர்.
ஏறி உட்கார்ந்து கண்ணை மூடி
"மூணாவது கியர்ல ஒரு முனகல் உண்டு" என்றார்.
இருந்தது.
ஓட்டுகிற எனக்கே அன்றைக்குத்தான் கேட்டது.

அறைக்கு வெளியே படம் பற்றி
ஒரு சொல் பேசக்கூடாதாம், சட்டம்.
அதனால் காரில் பேசியதெல்லாம்
பல், முழங்கால்,
அவாவின் மகள் கணக்கில் வாங்கிய மார்க்கு.
ஷார்ஜாவில் பதினோரு வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு
இங்கிலீஷ் தெரியாது என்று
யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.
நானும் மறுக்கவில்லை.

நாலாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்குக் கதவு திறந்தது.
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இறங்கி வந்தார்கள்.
இரண்டுக்கு இரண்டு, நடுவில் நெஸ்தான்.
இது யாரும் சொல்லி நான் அறிந்ததல்ல,
யார் எந்தக் காரில் ஏறினார்கள் என்பதிலிருந்து.

"திரை இல்லாத இடத்துக்குப் போ" என்றார்.
அந்நேரத்துக்கு எனக்குத் தெரிந்தது
மீனாட்சிபுரம் செக்போஸ்ட் டீக்கடைதான்.
பேச்சுத் துணைக்குப் பிரசன்னனும் வந்தார்.

கிறிஸ்துமஸ் வாரம். பால் டேங்கர்கள்
தமிழ்நாட்டுப் பக்கம் வரிசையாய் நின்றன.
ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்
ஏணியில் ஏறி, மூடி திறந்து,
நீளக் கரண்டியால் அடிவரை கலக்கி
ஒரு குப்பி மொண்டு இறங்கினாள்.
மேசையில் வைத்துச் சொட்டு மருந்து விட்டாள்.
காத்திருந்தாள்.

கையில் டீ ஆறிக்கொண்டிருக்க
நெஸ்தான் கிட்டே போய்க் கேட்டார்,
பிரசன்னன் மலையாளத்தில் சொன்னார்:
இதைக் கறந்தது யாரென்று உனக்குத் தெரியுமா?
அவள் குப்பியிலிருந்து கண் எடுக்கவில்லை.
"அறிஞ்சா பின்ன நோக்கான் பற்றுமோ, மேடம்?"

நிறம் மாறியது.
டேங்கர்காரன் சண்டை போடவில்லை.
வேப்பமரத்தடியில் ஒதுங்கிவிட்டு வந்து
மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்து
அத்தனை பெரிய வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.
எத்தனை லிட்டர் என்று கேட்டார் நெஸ்தான்.
பன்னிரண்டாயிரம் இருக்கும் என்றேன், இங்கிலீஷில்.
என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.
பிறகு உள்ளங்கையில் அந்த எண்ணை எழுதிக்கொண்டார்.
திரும்பும் வழியில் பல்லைப் பற்றிக்கூடப் பேச்சில்லை.

யார் ஜெயித்தார்களோ.
கைதட்டல் பார்க்கிங் வரை வந்தது, பெயர் வரவில்லை.

ஆறாம் நாள் ஸ்டிக்கரைச் சுரண்டினேன்,
'ரி' மட்டும் வர மாட்டேனென்றது.
பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு சவாரி:
உடுமலைப் பையன், தினகரவேல்,
மடியில் ஹார்ட் டிஸ்க், பரிசு இல்லை.
"அண்ணா, ஜூரி வண்டி இதுதானே?
என் படத்தைப் பத்தி ஏதாச்சும்..."
"படத்தைப் பத்திப் பேசவே மாட்டாங்க தம்பி."
"வேற என்ன பேசினாங்க?"
"பல்லுவலி."
சிரித்தான், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

மீனாட்சிபுரத்தில் ஒரு டேங்கர்
சாலைக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.
நின்றோம்.
"எங்க பக்கத்துப் பாலுண்ணா" என்றான்,
நம்பர் பிளேட்டைப் படித்துவிட்டு.
"கீழே ஊத்திருவாங்களா?"
"தெரியல. திரும்பிப் போறது வரைக்கும்தான் பார்த்திருக்கேன்."

வழி விட்டதும் இரண்டாவது, மூன்றாவது.
அந்த முனகல்.
அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்,
கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.