சில்க் போர்டு, மறுபடியும் சில்க் போர்டு

ஜெயநகர் நான்காம் பிளாக், மாடி லேப்.
பிறர் இதயத்தை வேகமாக ஓட்டிப் பார்ப்பது என் வேலை.
ஒரு நாள் முழுக்க நெஞ்சோடு கிடந்த பெட்டி
கால் மணியில் திரையில் ஓடி முடியும்.
கூடவே ஒரு தாள் வரும்,
எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று
அவரவர் கையால் எழுதியது.

இன்று சென்னபசப்பா. ஐம்பத்தொன்று. பஸ் டிரைவர்.
கன்னடத்தில், பென்சிலில்:
‘2.10 சில்க் போர்டு.
2.35 சில்க் போர்டு.
3.05 சில்க் போர்டு தாண்டியாச்சு.’
சிரித்துவிட்டேன்.

சேர்ந்த புதிதில்
நல்ல இதயம் கடிகாரம் மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன்.
அப்படியில்லை.
மூச்சு உள்ளே போனால் சற்று அவசரம்,
வெளியே வந்தால் சற்றுச் சோம்பல்,
யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதற்கொரு தடுமாற்றம்.
ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
மயிரிழை அளவுக்குப் பேரம் நடந்துகொண்டே இருக்கும்.
பேரம் நின்றால்தான் பயம்.

இவருக்கு ராத்திரி முழுக்க
ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.
‘11.40 டேங்கர் வரல. நாலு குடம், மூணு மாடி.
1.00 தூக்கமில்ல. தம்பி கடன்.’

தண்ணீர் வந்திருந்தால் தூங்கியிருப்பார்.
தூங்கியிருந்தால் தம்பியிடம் கத்தியிருக்க மாட்டார்.
கத்தாதிருந்தால் சிக்னலில் கியரை
அந்தப் பிடி பிடித்திருக்க மாட்டார்.
ஏரியைத் தூர்த்து லேக் வியூ என்று பெயர் வைக்காதிருந்தால்
டேங்கரே...
அம்புக்குறி போட்டுக்கொண்டே போனால்
தாள் தீர்ந்து மேசைமேல் எழுத வேண்டிவரும்.
படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.

பின்னோக்கி ஓட்டினேன், கவனிக்காமல் விட்ட சாயங்காலத்துக்கு.
‘6.20 டிப்போ. கேரம். ரெட் போட்டேன். கவர் விழல.
முனாவர் ஜெயிச்சான்.’
இருபத்தைந்து நிமிடம்
துடிப்புகள் நெருங்கி, விலகி, ஒன்றையொன்று இடித்து,
பள்ளிக்கூடம் விட்ட மாதிரி.
தோற்ற மனிதரின் இதயம்!

டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார்.
கூட்டட்டும், அதுவும் வேண்டியதுதான்.
அந்த இருபத்தைந்து நிமிடத்தைத் தனியாக அச்செடுத்து
ரிப்போர்ட்டோடு பின் அடித்தேன்.
எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேனோ.

பெட்டியின் பெல்ட்டைத் திருப்பித் தர
நாளைக்கு அவர் வருவார்.
ஒன்று மட்டும் கேட்க வேண்டும்:
புது ரோஸ்டரில் முனாவருக்கும் உங்களுக்கும்
ஒரே ஷிஃப்டா?