பத்துக்குப் பிறகு ஒன்று

வெள்ளிக்கிழமை கிளினிக்.
அம்பாறை ஆஸ்பத்திரியில் என் இலக்கம் முப்பத்தொன்று.
காரைதீவில் முதல் பஸ் பிடித்து வருகிறேன்.
தெரிந்த முகம் பார்த்துவிடக் கூடாதென்று
இவ்வளவு தூரம்.

குளிசை எழுதித் தந்த பிறகு
பின்கட்டிடத்தில் பாய் விரித்த அறை.
வகுப்பெடுக்க வேண்டிய ஐயா
இடமாற்றம் கிடைத்துப் போய் எட்டு மாதம்.
ஹேமமாலிதான் சொல்லித் தருகிறாள்,
நிலம் துடைப்பவள்.
போயா நாட்களில் மட்டும் வெள்ளை உடுப்பவள்.

"மூச்சு உள்ளுக்கு, ஒண்டு.
வெளிய போறதும் அதே ஒண்டுதான்.
பத்து வரைக்கும் போங்க அக்கா.
பிறகு திரும்ப ஒண்டு."

எனக்குப் பத்தில் நிற்கத் தெரியாது.

பதினொன்று, ஆண், நீலச் சாரன்.
பன்னிரண்டு, பெண், கழுத்தில் கொடி அறுந்த தடம்.
பதின்மூன்று
மார்கழி இருபத்தாறு பகல் முழுக்க
கல்முனை ஆஸ்பத்திரி விறாந்தையில்
ஒற்றைறூள் கொப்பியில் எழுதியவள் நான்.
நூற்று நாற்பதில் மை முடிந்து பென்சில் எடுத்தேன்.
கொப்பியை வாங்கிக்கொண்டு போனார்கள்.
எண்ணிக்கையை யாரும் வாங்கவில்லை.
படிக்கட்டு, மின்விசிறியின் சுற்று,
சோற்றில் கிடக்கும் கல்,
மகளின் கலியாணத்தில் வாசல் தாண்டி வந்த கால்கள்.

சுவரோரம் ஒரு சின்னப் புத்தர், சீமெந்து,
ஒரு காதில் சுண்ணாம்பு உதிர்ந்தவர்.
அவரோடு எனக்குப் பேச்சு இல்லை.
எங்கள் பக்கத்துச் சந்திகளில்
இரவோடிரவாக வந்து இருந்து,
விடியும்போது காவலுக்கும் ஆள் வைத்திருந்தவரை
எனக்குத் தெரியும்.
இவர் முன்னால் கண்மூடி இருப்பதை
வீட்டில் சொல்லவில்லை.
ஹேமமாலி என்னைக் கும்பிடச் சொன்னதும் இல்லை.
வாளியை ஓரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பாள்,
கையில் டெட்டோல் மணக்கும்.

"விட்டுப்போச்சா? பிழை இல்ல.
ஒண்டில இருந்து வாங்க."

பிழை இல்லை.

இருபது வருடமாய் ஒருவருக்கும் சொல்லாதது:
எழுபத்தாறுக்கு அடுத்ததாய்
எழுபத்தெட்டு என்று எழுதினேன்.
எழுபத்தேழு என்று ஒருவர் இருக்கவே இல்லை,
அல்லது இருந்தார்,
நான் தாண்டிப் போனேன்.

கடைசியில் சுகம் சொல்லும் நேரம்.
முதலில் தன் பெயருக்கு, பிறகு பிரியமானவருக்கு,
பிறகு யாரென்று தெரியாதவருக்கு, பகைத்தவருக்கு.

அழகேஸ்வரி சுகமாய் இருக்கட்டும்.
இடாப்புக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.
மகள் சுகமாய் இருக்கட்டும்.
யாரென்று தெரியாதவர் என்றதும்
எழுபத்தேழு வந்து நின்றது,
வயது குறிக்காமல், உடுப்புக் குறிக்காமல்.
சுகமாய் இரு என்றேன்.
போனவர்களிடம் அப்படிச் சொல்லலாமோ தெரியாது.
பகைத்தவரின் இடத்தில் கடல்.
அதற்கு இன்னும் வாய் வரவில்லை.

போகும்போது மணிக்கட்டில் பிரித் நூல் கட்டினாள்.
மூன்று முடிச்சு.
நான் உதட்டால் எண்ணியதைக் கண்டு சிரித்தாள்.
எனக்கும் சிரிப்பு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம்.
ஒன்று.
இரண்டு.
மல்வத்தை வயலில் அறுவடை மிஷின், மேலே கொக்குகள்
மூன்று, அல்லது அதற்கு முதல்

"கல்முனை! கடைசி, இறங்குங்க!"
கொண்டக்டர் தோளில் தட்டினான்.
மாவடிப்பள்ளிப் பாலமும்
இறங்க வேண்டிய காரைதீவுச் சந்தியும்
எப்போதோ பின்னால் போயிருந்தன.

எந்த எண்ணில் உறங்கினேன் என்று
எனக்குத் தெரியாது.