இரட்டைத் தையல்

ஆறரைக்குக் கார்மென்ட்ஸ் பஸ்
வட்டக்கச்சிச் சந்தியில் என்னை இறக்கும்.
படலையடியில் கச்சான் நிற்கும்,
வாயில் நேற்றைய கந்தலோடு.
இழு என்கிறது.
வேறொன்றும் கேட்பதில்லை.

முதலில் தம்பியின் பழைய சாரம்.
மூன்றாய்க் கிழித்துப் பின்னி
இரண்டு முனையிலும் முடிச்சு.
ஒரு கிழமை தாங்கியது.
பிறகு முற்றமெல்லாம் நீலக்கோட்டு நூல்,
புழுவென்று கொத்தின கோழிகள்.

அடுத்தது சைக்கிள் ரியூப்.
நன்றாக இழுபட்டது, அதுதான் பிழை.
கச்சான் வாயை விட்ட கணத்தில்
என் மணிக்கட்டில் சுளீரென்று விழுந்தது.
மறுநாள் அதன் பீயில் கறுப்புத் துண்டுகள்.
மிருக வைத்தியர் கந்தோரில் வரிசையில் நின்றேன்,
எனக்கு முன்னால் ஒரு நாம்பன்,
பின்னால் இரண்டு ஆடு.
ரப்பர் வேண்டாம் என்றார் டொக்டர்,
தங்கூசியும் வேண்டாம், குடலை அரியும்.
எதைப் பின்னினாலும்
பிய்யத் தொடங்கினால் பறித்து வையுங்கோ.

அலுமாரிக்கு மேல் மடித்துக் கிடந்தது தறப்பாள்.
வெட்டலாமா என்று
ஒரு ஞாயிறு முழுக்க யோசித்து
மூலையில் ஒரு கீலம் மட்டும் வெட்டினேன்.
இரண்டு மாரி
ஐந்து பேர் அதன் கீழ் இருந்தோம்.
கச்சானுக்கு அது அரை மணித்தியாலம்.
சிரிப்பு வந்தது.
மிச்சத்தை மடித்து
அதே இடத்தில் வைத்தேன்.

நான் தைப்பது
குளிர்நாட்டுக்காரரின் காற்சட்டை,
அதிலும் பொக்கற் வாய் மட்டும்.
நாளுக்கு அறுநூற்றிருபது.
பொக்கற் எங்கே கிழியும், சொல்லு பார்ப்பம் என்று
முதல்நாள் கேட்டாள் சுகிர்தமலர்,
பக்கத்து மெசின், விசுவமடுக்காரி.
நடுவில் கிழியாது.
தொடங்குகிற இடத்தில்,
முடிகிற இடத்தில்.
அங்கேதான் ஊசி
போன வழியே திரும்பி வரவேணும்.

பரந்தன் கராச்சில் அன்ரனிடம்
நொருங்கிய வானொன்றின் சீற் பெல்ற் கேட்டேன்.
எதுக்கக்கா?
நாய்க்கு.
சிரித்த சிரிப்பில் நூறு ரூபா குறைத்தான்.
மேலுறைக்கு,
வெங்காயப் பாத்திக்குத் தண்ணி போய் ஓய்ந்த
கன்வஸ் குழாயில் இரண்டு முழம்.
மெசின் ஊசி இரண்டு முறிந்தது.
பிறகு சாக்கூசி, மெழுகு பூசிய நூல்,
உள்ளங்கைக்குத் தோல் துண்டு.
கச்சானின் பல் படும் பக்கம்
சதுரமாய் ஒரு தையல்,
அதற்குள் பெருக்கல் குறி,
மேலால் இன்னொரு சதுரம்.

கழுவிக் கொடியில் போட்டால்
கொடிக்குக் கீழேயே காவல் கிடக்கும்.
விடு என்றால் விடும்.
விட்டதும் திருப்பிக் கொடுத்துவிட வேணும்,
இல்லாவிட்டால் அடுத்தமுறை
என் சொல்லை நம்பாது.

ஒன்பது நாள்.
பத்தாம் நாள் பிய்ந்தது,
என் பக்கம்.
கைப்பிடி மடிப்பில்
ஒற்றைத் தையல்தான் போட்டிருந்தேன்.
இந்தக் கைக்கு இது காணும் என்று
ஆர் சொன்னது?
நான்தான்.

இரவு கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தைப் பற்களில் கவ்வியபடி
அங்கேயும் சதுரம், பெருக்கல், சதுரம்.
ஒவ்வொரு குத்துக்கும்
ஒரு காதை அசைத்தது கச்சான்.

இன்று ஞாயிறு. பொழுதுபட
வாய்க்கால் கரையில் இழுத்தோம்.
அது உறுமியது, நானும் உறுமினேன்.
யோகேஸ்வரன் மாஸ்ரர்
சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் மிதித்தார்.
பெல்ற் விறைத்து முனகியது,
தையல் அசையவில்லை,
பிறகு
ஏதோ அறுந்தது.
முழங்காலில் விழுந்தேன்.

செருப்பு வார்.

மிஞ்சிய பெல்ற்றில் நாலு விரல் நறுக்கிப்
படியில் இருந்து குத்துகிறேன்.
மற்றச் செருப்பைக் கவ்விக்கொண்டு
முன்னால் நிற்கிறது கச்சான்.
இழு என்கிறது.