ஐந்து பார்

கருப்பூர் கிடங்கில் மதியம் ஏற்றியபோது
முள் அறுபத்தைந்தில் நின்றது.
ரசீதிலும் அதைத்தான் எழுதினேன்.
ஒன்பதாவது வளைவில் டயர் பஞ்சர்,
நாகலூர் வந்து இறக்க
இரவு பதினொன்று.
முள்ளில் அறுபது.

"அஞ்சு எங்க போச்சு தம்பி?"
ஜெசிந்தா அக்கா கத்தவில்லை.
உள்ளே அண்ணன் மூச்சு வாங்கும் சத்தத்துக்கு
மேலே போகாத குரலில் கேட்டார்.
அதுதான் சுட்டது.

வால்வில் சோப்பு நுரை தடவினேன்.
ஒரு குமிழிகூட எழும்பவில்லை.
எடை போட்டுடலாம் என்றார் பக்கத்து வீட்டு லூர்துசாமி.
அவரிடம் இருந்தது காப்பி மூட்டைத் தராசு;
அரைக் கிலோவுக்குக் குறைந்த எதையும்
அது மதிப்பதில்லை.

ரசீதைத் திருப்பினேன்.
மூன்றாம் செமஸ்டரோடு கல்லூரியை விட்டவன் நான்,
என்னை விடாமல் வந்தது இது ஒன்று:
அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கு,
மாறிலியாலும் வெப்பநிலையாலும் வகு,
வருவது மோல்.
முப்பத்திரண்டால் பெருக்கினால் கிராம்.

பத்து லிட்டர் என்று உருளையின் கழுத்தில் பொறித்திருக்கிறது.
கீழே வெயில் நாற்பது: கெல்வினில் முந்நூற்றுப் பதின்மூன்று.
இங்கே பதினேழு: இருநூற்றுத் தொண்ணூறு.
முள் சொல்லாமல் விடும் வெளிக்காற்றையும் கூட்டிக்கொண்டேன்,
சேலத்தில் ஏறக்குறைய ஒரு பார்,
மலையில் அதிலும் கொஞ்சம் குறைவு.

அங்கே எண்ணூற்றுப் பதினொன்று.
இங்கே எண்ணூற்று ஏழு.
இடையிலுள்ள நான்கு கிராம்
முள்ளின் தடிமன்.

"குளிருக்குச் சுருங்கிருச்சா?"
"இல்லக்கா. அத்தனையும் உள்ளதான் இருக்கு.
சுவத்துல மெதுவா முட்டுது, அவ்வளவுதான்."

அக்கா கணக்கைப் பார்க்கவில்லை.
பேனா பிடித்த என் கையைப் பார்த்தார்.
"நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர்னா எத்தன நேரம்?"
"அஞ்சு மணி நேரம்."
"அடுத்த வண்டி?"
"மூணரைக்கு."
விரல் விட்டு எண்ணினார். இரண்டு முறை.

எண்ணூற்று ஏழு கிராம்.
ஒரு கிலோ சர்க்கரைகூட இல்லை.
குழாயை மாட்டினேன்,
குடுவைத் தண்ணீர் கொப்பளிக்கத் தொடங்கியது.

பழைய உருளையைத் தோளில் ஏற்றி வண்டிக்கு வந்தேன்.
முள் பூஜ்ஜியத்தில்.
'காலி' என்று சாக்பீஸால் எழுதப் போனவன்
டார்ச் வெளிச்சத்தில் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்:
வெளிக்காற்றின் அளவுக்கு அதிலும் மிச்சம் இருக்கும்.
பதினொரு கிராம்.

யாருக்கும் ஆகாது.
'காலி' என்றே எழுதினேன்.