மூன்றாம் நாள் பசி

வண்ணாரப்பேட்டைப் பழைய பேப்பர் கடையில்
தராசுத் தட்டிலிருந்து எடுத்தேன்.
அட்டையில் அதே பச்சைக் கை.
நகத்து ரத்தம் வெளுத்து ரோஸாகியிருக்கிறது.
உள்ளே ஊதா முத்திரை:
ஜெயசீலி வாடகை நூல் நிலையம்,
நாளொன்றுக்கு ஐம்பது காசு.

அந்த வருடம் தண்டையார்பேட்டையில்
இதைப் படிக்காத ஆள் இல்லை.
லாரித் தண்ணீர் வரிசையில் தேசிங்கு
கண்ணைச் செருகி, காலை இழுத்து
நடந்து காட்டுவான்.
சின்னப் பிள்ளைகள் அலறி ஓடும்.
அந்தக் கலாட்டாவில்
எங்கள் குடம் நாலு குடம் முன்னே போய்விடும்.

நேற்று ராத்திரி ஒரே மூச்சில் முடித்தேன்.
பயம் வரவில்லை, சிரிப்புதான்.
காசிமேட்டில் எழுந்த பிணங்கள்
கல்மண்டபம் வந்து சேர
ஒன்றரை நாள் ஆகிறதாம்.
எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததேயில்லை.
ஆனாலும்
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி போகட்டுமென்று
அவை கும்பலாக நிற்கும் அத்தியாயம்
சத்தியம்.
செத்தாலும் இங்கே கேட் திறக்கணும்.

பிறகு நூற்று முப்பத்தேழாம் பக்கம்.
கேப்டன் சரத்சந்தர்
பேசின் பிரிட்ஜில் வெடி வைக்கிறான்.
'வடக்கே இனி மனிதர் யாருமில்லை'
என்கிறான் வயர்லெஸ்ஸில்.
பாலம் விழுகிறது.
நகரம் பிழைக்கிறது.
அடையாறில் ஒரு குழந்தை பால் கேட்டு அழுகிறது.

இங்கேதான் கைதட்டினோம்
மொட்டை மாடியில், டார்ச் வெளிச்சத்தில்,
ஏழெட்டுப் பேர்.
பாலத்துக்கு எந்தப் பக்கம்
உட்கார்ந்திருக்கிறோம் என்று
ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எண்ணூரில் வாயு கசிந்த இரவு
மூக்கில் ஈரத் துண்டோடு
நடந்தவர்களில் நானும் ஒரு ஆள்.
கண் எரிந்து, கால் தடுமாறி,
வாய் பேச முடியாமல்
இருட்டில் ஊரே வந்தது.
தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு
எப்படித் தெரிந்திருப்போமோ.

தேசிங்குக்குப் போன் போட்டேன்.
மணலியில் நைட் ஷிப்ட்,
பின்னால் ஏதோ மிஷின் இரைச்சல்.
'பாலம் ஒடையுமே, அதானே?
கெத்து சீனு!' என்றான்.
கொஞ்ச நேரம் மிஷின் மட்டும் ஓடியது.
'ஆமா,
இந்தாண்ட இருந்தவங்க
அப்பறம் இன்னா ஆனாங்க,
போட்டுருக்கா?'

இரு, பார்க்கிறேன் என்று
கடைசித் தாளைத் திருப்பினேன்.
பல்பொடி விளம்பரம்.
ஒரு பெண் முத்துமுத்தாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.