துணைக்கால்

துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்களாம்.
கொளத்தூரில் அதற்குள்
பால் பாக்கெட்டுக்கு அஞ்சு ரூபாய் ஏறிவிட்டது.

கரண்ட் இருக்கும்போதே என்று
பன்னிரண்டு மணிக்கு மோட்டார் போட்டேன்.
தொட்டி வழிந்து
கீழ்வீட்டு ஷகீலா கத்துகிற வரைக்கும் நிறுத்தவில்லை.
குடம் மூன்று, குளியல் பக்கெட் இரண்டு, அன்னக்கூடை,
சீதனமாக வந்து பரணிலேயே கிடந்த அண்டா.
மாவு அரைத்தாயிற்று.
ஃப்ரிட்ஜ் நின்றால் புளிக்கும்,
புளித்தால் ஊத்தப்பம்.
செல் செத்துவிட்டால் என்று
காலண்டர் தாளின் பின்பக்கம் நம்பர்களை எழுதினேன்:
மின்வாரியம், ஆட்டோ மகிமைதாஸ், அவன் அண்ணன்.
மூன்றாவது நம்பரில்
பேனா அழுத்தித் தாள் கிழிந்தது.

தணிகாசலம் இதில் எதையும் தொடவில்லை.
ஸ்டூலில் ஏறி
ஃபேன் கொக்கியிலிருந்து
டார்ச் லைட்டைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டிருந்தான்.
சணல் போதாமல் என் துப்பட்டாவைக் கிழித்திருந்தான்.
இறங்கி, ஜன்னல்களைச் சாத்தி,
அடியில் நின்று
நெஞ்சுக்கு நேரே இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தான்.
விரலில் வெளிச்சம் விழுகிறதா?
நாலு விரற்கடை இறக்கு என்றேன்,
என் கையால்.

மற்ற வீட்டில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும்.
எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.
காது கேட்காதவனிடம்
இருட்டில் எதைச் சொல்வது?

போன புயலில் மூன்று ராத்திரி இப்படி.
மெழுகுவத்தி முதல் ராத்திரியே தீர்ந்தது.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டோம், ஒவ்வொரு எழுத்தாக.
‘ற’ வந்தால் கூசும்.
‘ண’வுக்கு எத்தனை சுழி என்று
முப்பத்திரண்டு வயதில் யோசித்தேன்.
இரண்டாம் ராத்திரி
தூக்கம் வருது என்று எழுதினேன்.
கண் சொக்கியதில்
ஒரு துணைக்கால் விட்டுப்போச்சு.
துக்கம் வருது என்று வாசித்தவன்
என் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
விடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.
காரணம் தெரியாமல்
நான் நன்றாகத் தூங்கினேன்.

இன்றைக்குக் காலையில் சண்டை.
என்னைக் கேட்காமல்
அண்ணனுக்குக் கொடுத்த நாற்பதாயிரம்.
பாதியில் கண்ணை மூடிக்கொண்டான்.
அவன் கண்ணை மூடிவிட்டால்
நான் வீட்டை இடித்தாலும் கேட்காது.

ஒன்பது நாற்பதுக்கு
முக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
சத்தம் எனக்கு மட்டும்,
இருட்டு இரண்டு பேருக்கும்.
டார்ச்சைத் தேடி உயர்த்திய கையை
நடுவிலேயே பிடித்தான்.
விரித்தான்.
எழுதினான்:
து

விரல் நின்றுவிட்டது.
வெளியே யார் வீட்டுத் தகரமோ
எழுந்து எழுந்து விழுந்தது.
துணைக்கால் வருமா?
வந்தால் படுத்துக்கொள்ளலாம்.
வராவிட்டால்
என் மடி எங்கே இருக்கிறது என்று
அவனுக்கு எப்படிக் காட்டுவது?

அடுத்த எழுத்து வந்தது.
ணி

மாடியில் துணி!

அண்டா வரைக்கும் நிரப்பியவளுக்கு
கொடி ஞாபகம் வரவில்லை பாருங்கள்.
ஓடினோம்.
கதவைத் திறந்ததும் மழை முகத்தில் அறைந்தது.
அவன் சட்டை இரண்டு
அதற்குள் எதிர்வீட்டு முருங்கையில்.
கிடைத்தது போர்வை மட்டும்.
ஒரு முனை அவனிடம், மறுமுனை என்னிடம்.

பளிச்சென்று ஒரு மின்னல்.
அந்த வெளிச்சத்துக்குள்
அவன் வலது கை போர்வையை விட்டுவிட்டு
‘பணம்’ என்றது,
‘அண்ணன்’ என்று தொடங்கியது.

அடுத்த மின்னல் வருவதற்குள்
போர்வையைப் பிழிய ஆரம்பித்தேன்,
அவன் முறுக்குகிற பக்கத்துக்கு
எதிர்ப்பக்கமாக.