துள்ளாதது

இழுப்பறையைத் திறந்தபோது
தீய்ந்த காகித வாடை.
மின்சார பில்லின் ஓரத்தில்
ஐம்பது காசு அகலத்துக்குப் பழுப்பு வட்டம்.
அதன்மேல் ஒன்பது வோல்ட் கட்டை பேட்டரி,
அதன் இரண்டு குமிழையும் ஒருசேரத் தொட்டபடி
மோட்டார் சைக்கிளின் மாற்றுச் சாவி.
விரல் வைத்தேன்.
அடுப்பிலிருந்து இறக்கிய போசி போலச் சுட்டது.

ஜெலுத்தோங், பதினோராம் மாடி.
தீயணைப்பு வண்டியின் ஏணி எதுவரை எட்டும் என்று
நான் யோசித்ததே கிடையாது.
சாவியை இடுக்கியால் எடுத்து சிங்க்கில் போட்டுவிட்டு
அங்கேயே நின்று யோசித்தேன்.

எல்லாம் இவர் கொண்டுவந்தவை.
மீன் கிடங்கில் ராத்திரி ஜாகா.
மாதம் பிறந்தால் டார்ச்சுக்குப் புது பேட்டரி,
அது கம்பெனிச் சட்டம்.
பழையதை வீச இவருக்கு மனம் வராது.
"இதுல பாதி உயிர் இருக்கு, செண்பகா."
நாலு வருடத்துப் பாதி உயிர்கள்
ஆணி, ஊக்கு, சில்லறை, பஞ்சர் பசையோடு
உருண்டு கிடந்தன.
ஒன்றின் அடியில்
உப்புப் பூத்த சுவர்போல வெள்ளை.

கீழே பட்டறையில் மீட்டர் கடன் கேட்டேன்.
பூன் ஹோக் சிரித்தான்.
"ரெண்டு அங்குலம் தூக்கி மேசையில போடுங்க அக்கா.
துள்ளினா செத்தது.
தொப்புன்னு விழுந்தா உயிர் இருக்கு."
நாற்பத்தாறு வயது வரைக்கும்
நான் நேர்மாறாக நினைத்திருந்தேன்.

மத்தியானம் முழுக்க
ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டேன்.
டொக். டொக்.
உள்ளறையிலிருந்து தூக்கக் குரல்:
"என்ன சத்தம்?"
"உங்க சொத்தை எண்ணுறேன், படுங்க."

அறுபத்தேழில் நாற்பத்தொன்று துள்ளின.
ரிமோட்டுக்குள் இருந்த ஜோடியில்
ஒன்று துள்ளியது, ஒன்று துள்ளவில்லை.
புதுசும் பழசுமாகப் போட்டது நான்தான்;
அதை இவரிடம் சொல்லவில்லை.
சந்தேகமாய்க் கொஞ்சமே துள்ளிய ஒன்றை
சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுத்தேன்.
அதற்கு அதிகம் தேவைப்படாது.

கட்டை பேட்டரிகளின் தலையில்
ஆளுக்கொரு துண்டு நாடா.
செத்தவை தனிப் பையில், அவற்றுக்கும் நாடா,
பேரங்காடி வாசலில் இருக்கும் பெட்டிக்குப் போக.
உயிருள்ளவை ஒரே பக்கம் தலைவைத்து
காக் ரொஹாயா பெருநாளுக்குத் தந்த
சிவப்பு மூடி பலகார டப்பாவில்.
வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது
எங்கள் மாடியில் வழக்கமில்லை.
தீபாவளி முறுக்கு வரும்வரை
அது பேட்டரிகளின் வீடு.

பொத்தான் பேட்டரிகள்தான் பயம்.
சர்க்கரை பார்க்கும் கருவிக்கு வாங்கியவை,
மிட்டாய் போல மினுங்கும்.
காக் ரொஹாயாவின் பேரன் ஹாரிஸ்
கதவு திறந்திருந்தால் தவழ்ந்து வந்து
தரையில் கிடப்பதையெல்லாம் ருசி பார்ப்பவன்.
எட்டாத உயரம் என்று
இந்த வீட்டில் இருப்பது ஒன்றுதான்.

"சாமி மாடத்துலயா வெச்சே?"
"படத்துக்குப் பின்னால. விளக்குக்குத் தள்ளி."
கொஞ்ச நேரம் முருகனைப் பார்த்தார்.
பிறகு அந்தப் பொட்டலத்தை
இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளினார்.

இன்று காலை ஏழேகால்.
லிஃப்ட் மறுபடியும் கெட்டிருந்தது.
பதினோரு மாடி ஏறி வந்தவர்
சட்டைப் பையிலிருந்து
இந்த மாதத்து இரண்டையும் எடுத்து
மேசைமேல் போட்டுப் பார்த்தார்,
தலையாட்டிக்கொண்டார்,
டப்பாவில் தலைமாடு பார்த்து அடுக்கினார்.
பசியாறக் கூப்பிட்டேன்.
காதில் விழவில்லை.
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்
கட்டிலில் விழுந்தார்.

தொப்.
ஒரு விரற்கடை கூடத் துள்ளவில்லை.

பூன் ஹோக் சொன்னது சரியென்றால்
இன்னும் ரொம்ப நாளைக்குக் காணும்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
திரையை இழுத்து மூடினேன்.